சிவப்புப் பனியன் போட்ட நாய்

நாங்கள் குடியேறியிருக்கும் இந்த வெளிநாட்டு ஊரில் மளிகைக் கடைக்குள் நுழைந்தால் காய்கறிக்கு முன்னால் நாய்தான் கண்ணில் படுகிறது. தள்ளுவண்டியில் குழந்தையை உட்கார வைக்க ஓர் இருக்கை இருக்குமே, அதில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, வாலைத் தக்காளி மேல் போட்டபடி ஊர்வலம் வரும். கதவில் என்னவோ ‘செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் டாக் மட்டும் வரலாம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதித்தான் வைத்திருப்பார்கள். சர்வீஸ் டாக் என்றால் நோயோ ஊனமோ உள்ளவருக்கு உதவப் பழக்கிய நாய். வந்த புதிதில் நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறேன். என் சொந்த ஊரான அருள்புரத்தில் எங்கள் தெரு நாய்க்குப் பேக்கரி வாசல் வரைதான் அனுமதி. அதற்கு மேல் ஒரு கால் வைத்தாலும் டீ மாஸ்டர் வெந்நீர்ச் சொம்பைத் தூக்குவார். இங்கே நாய்க்கு ஒரு சிவப்புச் சட்டையை மாட்டிவிட்டால் போதும், கடை மேனேஜரே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஊரில் இருப்பவர்களுக்கு இதைப் படிக்கச் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது, எங்கள் வீட்டுக்கு ஒரு நாய் வந்து சேரும்வரை.

என் மகள் யாழினிக்கு வலிப்பு நோய். சின்ன வயதில் வந்தது, மாத்திரையில் அடங்கியும் அடங்காமலும் கூடவே வளர்ந்தது. பள்ளிக்கூடம், நூலகம், தோழி வீடு எங்கே போனாலும் பின்னால் நான் நிழல்போலப் போவேன். வளர்ந்த பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அப்படி இருக்கும்போதுதான் இங்குள்ள ஒரு பயிற்சி நிலையத்தில் பதிந்து வைத்துக் காத்திருந்து மேப்பிள் கிடைத்தான். தேன் நிற லாப்ரடார். அவளுக்கு வலிப்பு வந்தால் பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொள்வான், ஆள் வரும்வரை விட்டுவிட்டுக் குரைப்பான், வீட்டில் என்றால் சுவரிலிருக்கும் பெரிய பொத்தானைக் காலால் அழுத்தி என்னைக் கூப்பிடுவான். ஊரிலிருக்கும் என் தம்பி சிவாவுக்கு மேப்பிள் என்ற பெயர் வாயில் நுழையவில்லை. வீடியோ காலில் “மாப்ளை சாப்ட்டாருங்களாக்கா?” என்று கேட்டுக் கேட்டு மேப்பிள் எங்கள் எல்லோருக்கும் மாப்பிள்ளை ஆகிவிட்டான். அவன் வந்த பிறகு யாழினி முதன்முறையாகத் தனியாகத் தெருமுனை வரை நடந்து போய்த் திரும்பி வந்தாள். நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று அழுதேன்.

மேப்பிளை எங்களிடம் ஒப்படைத்த அன்று, பயிற்சியாளர் ஜேனட் ஒரு பையில் அவன் சாப்பாட்டுத் தட்டையும் கயிற்றையும் போட்டுக் கொடுத்தார். நான் பையைத் துழாவிவிட்டு, “சர்ட்டிபிகேட் எங்கே?” என்று கேட்டேன். லேமினேட் செய்து கூடத்தில் மாட்ட இடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். ஜேனட் சிரித்தார். இந்த நாட்டில் சர்வீஸ் நாய்க்கென்று அரசாங்கப் பதிவு கிடையாது, சான்றிதழ் கிடையாது, அடையாள அட்டை கிடையாது, சட்டை போட வேண்டும் என்றுகூட விதி இல்லை என்றார். கடைக்காரர் இரண்டு கேள்விதான் கேட்கலாம்: ஊனத்தின் காரணமாக இந்த நாய் உங்களுக்குத் தேவைப்படுகிறதா, அது உங்களுக்காகச் செய்யப் பழகிய வேலை என்ன. காகிதம் கேட்கக் கூடாது. இணையத்தில் சான்றிதழ் விற்கிறார்களே என்று கேட்டேன். “யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அதனால்தான் அதற்கு மதிப்பில்லை. நாயைப் பாருங்கள்” என்றார். எனக்கு மனசே ஆறவில்லை. சாமி கும்பிட்டுவிட்டுத் திருநீறு வாங்காமல் வந்த மாதிரி இருந்தது.

ஏன் அப்படி இருந்தது என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் சான்றிதழைச் சாமி படத்துக்கு அடுத்தபடியாக மாட்டுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நான் அருள்புரத்தில் ஒரு கம்பெனியில், தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங் செக்ஷனில் இருந்தேன். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட் வருகிறது என்றால் கம்பெனியே கல்யாண வீடாகிவிடும். தரை பளபளக்கும், ஆளுக்கொரு புது மாஸ்க் வரும், ஆடிட்டர் கார் கேட்டைத் தாண்டி வெளியே போனதும் சூப்பர்வைசர் மாஸ்க்கைத் திருப்பி வாங்கி அட்டைப் பெட்டியில் போட்டுக்கொள்வார். எங்கள் செக்ஷன் சுவரில் வரிசையாகச் சட்டம் போட்ட காகிதங்கள். அதில் ஒன்று, ‘முதலுதவிப் பயிற்சி பெற்றவர் இங்கே பணியில் உள்ளார்’ என்பது. அந்த ஆசாமி எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார், காகிதம் மட்டும் பணியில் இருந்தது.

எங்கள் டேபிளில் ஜெபராணி என்று ஒரு பெண் இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், கைவேகக்காரி. ஒருநாள் பீஸ் மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து, கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்தாள். அந்தச் சான்றிதழுக்கு நேர் கீழே. ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை. “காக்கா வலிப்புங்க, இரும்பைக் கொடுங்க, இரும்பைக் கொடுங்க” என்று ஒரே கூச்சல். ஸ்டோர் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார்கள். வாட்ச்மேன் வாயில் ஸ்பூனை விடப் பார்த்தார். தானாக எப்போது நிற்குமோ அப்போது நின்றது. மறுநாள் அவளை வேலைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆடிட் சமயத்தில் இது மாதிரி ஆள் இருந்தால் கம்பெனிக்கு ஆகாதாம். “எக்கா, எனக்கு ஒண்ணுமில்லக்கா, வேலைக்கு வச்சுக்கிடச் சொல்லுங்கக்கா” என்று கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அவள் கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது. சொன்னேன், யார் கேட்டார்கள்? என் வயிற்றில் பிறக்கும் பெண்ணுக்கே அதே நோய் வரும் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

சரி, இங்கேயாவது மனிதர்கள் புரிந்துகொள்கிறார்களா என்றால் அதுவும் ஒரு கூத்து. பெரிய கடை ஒன்றில் பில் போடும் பெண் மேப்பிளைப் பார்த்துவிட்டு யாழினியிடம், “நீ ரொம்ப லக்கி, நானும் என் நாயை இப்படி வேலைக்குக் கூட்டிவர முடிந்தால் நன்றாக இருக்கும்” என்றாள். அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். லக்கி! எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. பாத்ரூமைத் தாழ் போடாமல் குளிக்கிற பெண்ணைப் பார்த்து லக்கி என்கிறாள். நான் என் ஆங்கிலத்தில், “உங்களுக்கு அந்த லக் வர வேண்டாம்” என்றேன். அவள் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு “ஆவ், தேங்க்யூ” என்று சிரித்தாள். யாழினி என் கையைக் கிள்ளி இழுத்துக்கொண்டு போனாள்.

ஆனால் அந்நியர் செய்ததை எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. நம்மவர் செய்ததை எழுதத்தான். இங்கே நாங்கள் இருக்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி ஓர் இந்திய மளிகைக் கடை இருக்கிறது. அதை நடத்துபவர் மடத்துக்குளத்துக்காரர், மணியண்ணன் என்று கூப்பிடுவோம். கம்பு, ராகி மாவு, கொள்ளு எல்லாம் அவரிடம்தான் கிடைக்கும். “வாங்க அம்மிணி, ஊட்ல எல்லாரும் சௌக்கியங்களா?” என்று அவர் கேட்கும் ஒரு வார்த்தைக்காகவே அத்தனை தூரம் கார் ஓட்டிக்கொண்டு போகலாம். மேப்பிள் வந்த பிறகு முதன்முறையாக யாழினி, நான், மேப்பிள் மூன்று பேரும் அங்கே போனோம். கதவில் புதிதாக ஓர் அட்டை. ‘சர்ட்டிபிகேட் உள்ள சர்வீஸ் டாக் மட்டும்.’ மணியண்ணன் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். முகத்தில் அவ்வளவு சங்கடம்.

“கோவிச்சுக்காதீங்க அம்மிணி. அன்னைக்கு ஒரு அம்மா நாயைக் கூட்டியாந்து, அரிசி மூட்டை மேல அசிங்கம் பண்ணிப்போட்டுதுங்க. அதிலிருந்து சர்ட்டிபிகேட் பார்த்துத்தானுங்க உடறேன். கண்ணு, காயிதம் இருந்தா காட்டீருங்க சாமி.”

“அம்மா, அவர் அதைக் கேட்கவே கூடாது” என்றாள் யாழினி. இந்த நாட்டில் வளர்ந்த பெண், அவளுக்குச் சட்டம் நாக்கு நுனியில் இருந்தது. எனக்கோ நம்மூர்க்காரர், அண்ணா என்று கூப்பிட்ட வாய், அவரிடம் போய்ச் சட்டம் பேசுவதா என்று இருந்தது. “நான் மேப்பிளைப் பிடித்துக்கொண்டு வெளியே நிற்கிறேன், நீ போய் மாவு வாங்கி வா” என்றேன். அவள் என்னை முறைத்துவிட்டு உள்ளே போனாள். மேப்பிள் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டி வைத்து அவள் தலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போதுதான் வித்யா வந்து சேர்ந்தாள். எங்கள் அடுக்ககத்திலேயே இருப்பவள், கோயம்புத்தூர்க்காரி, பண்டிகை நாட்களில் பலகாரம் மாற்றிக்கொள்வோம். இடுப்பில் குழந்தைபோல ஒரு பொமரேனியன். அதற்குச் சிவப்புப் பனியன், முதுகில் வெள்ளையில் ‘சர்வீஸ் டாக்’. அவள் கழுத்தில் தங்க முத்திரை போட்ட அட்டை, அதில் அந்த நாயின் போட்டோ வேறு. மணியண்ணன் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, “வாங்க, வாங்க” என்று கதவைத் திறந்தார். மேப்பிள் வெளியே நிற்கிறான், அது உள்ளே போகிறது. போகிற போக்கில் அவள் இடுப்பிலிருந்து துள்ளிப் பாய்ந்து மேப்பிளின் மூக்கைக் கவ்வியது. ரத்தம். மேப்பிள் நினைத்திருந்தால் ஒரே வாயில் அதைத் தூக்கி எறிந்திருக்கலாம். அவன் பதிலுக்கு உறுமக்கூட இல்லை. அப்படித்தான் அவனைப் பழக்கியிருந்தார்கள். என் காலுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்து நடுங்கினான்.

மூக்குக் காயம் ஆறிவிட்டது. மனக்காயம் ஆறவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கடை வாசலுக்குப் போனாலும் மேப்பிள் நிலைப்படியில் உட்கார்ந்துவிடுவான், இழுத்தாலும் வரமாட்டான். நூலகத்தில் ஒரு சின்ன நாயின் குரல் கேட்டதும் யாழினியை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டான். ஜேனட் வந்து பார்த்து உதட்டைக் கடித்தார். மறுபடியும் பழக்கிப் பார்க்கலாம், தேறாவிட்டால் அவனுக்கு ஓய்வுதான், இன்னொரு நாய்க்கு மீண்டும் வரிசையில் நிற்க வேண்டும் என்றார். யாழினி வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்து விடுதியில் தங்குவது என்று அப்போதுதான் முடிவாகியிருந்தது. “மேப்பிள் கூட இருந்தா போ, இல்லைன்னா வீட்டிலிருந்தே படி” என்று சொல்லிவிட்டார் அவள் அப்பா. யாழினி மூட்டை கட்ட வாங்கிய பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

நான் நேராக வித்யா வீட்டுக்குப் போனேன். “உன் நாய்க்கு என்ன வேலை பழக்கியிருக்கிறாய்?” என்று கேட்டேன். அவள் மழுப்பவே இல்லை. “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஆன்லைன்ல பேரு போட்டா கார்டும் சர்ட்டிபிகேட்டும் ஊட்டுக்கே வந்துருது. இங்க பாதிப்பேரு அப்படித்தானுங்க. அபார்ட்மென்ட்காரன் நாய்க்கும் சேர்த்து வாடகை கேக்கறான், கார்டு காட்டுனா உட்டுடறான், வேற என்ன பண்றது? நம்மாளுங்களுக்குள்ள இதைப்போய் பெரிசு பண்றீங்களே” என்றாள். நம்மாளுங்களாம்! “என் பொண்ணு கீழே விழுந்தா அவ பக்கத்துல படுக்கறதுக்கு இருந்த ஒரு உசிரை நீ கெடுத்துப் போட்டே. உன் காயிதம் வந்து படுக்குமா?” என்று கத்தினேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டு வெள்ளைக்காரர் கதவைத் திறந்து, எல்லாம் சரிதானா என்று கேட்டார். “சரியில்லை” என்றேன். அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வித்யா என்னைச் சமாதானப்படுத்துகிறேன் என்று பனியன் போட்ட நாயைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். பாவம், அந்தச் சின்ன உயிர் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பழகாத நாயைக் கூட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போனால் அதுதான் என்ன செய்யும்?

செக்கிங்கில் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, பீஸ் கைக்கு வந்ததும் முதலில் உள்பக்கம் திருப்புவோம். என்னை அறியாமல் அந்தப் பனியனின் ஓரத்தைத் திருப்பினேன். நல்ல சிங்கிள் ஜெர்சித் துணி, கழுத்தில் இழுத்தால் விரியும் ரிப் பட்டி, உள்ளே ‘மேட் இன் இந்தியா’ என்று லேபிள். எங்கள் ஊர்ப் பனியன் மாதிரியே இருந்தது, பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. சிவா அருள்புரத்தில் பனியனில் எழுத்தும் படமும் அச்சடிக்கும் பிரிண்டிங் யூனிட் வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் அவனுக்குப் போன் போட்டு, நாய்க்குப் போடும் பனியன் தெரியுமா என்று கேட்டேன்.

“நாய் பனியனா? நாமளும் போடறமுங்க்கா. சிவப்பு, நீலம், ரெண்டு கலரு. நல்ல ஆர்டருங்க” என்றான் பெருமையாக.

“அதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சியாடா?”

“படிக்காம எப்படிங்க்கா பிரிண்ட் போடறது? ‘சர்வீஸ் டாக்’. அதோட ‘போலீஸ்’னு ஒண்ணு, கிறிஸ்துமஸ் தாத்தா படம் போட்டு ஒண்ணு.”

“அதைப் போட்டுட்டு வந்த நாய்தாண்டா மேப்பிளைக் கடிச்சுது.”

அவன் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினான். பிறகு சொன்னான்: “மாப்ளையவா? … அடக் கொடுமையே. ஆனா நான் ஒண்ணு கேக்கறேனுங்க்கா. போலீஸ்னு எழுதின பனியனைப் போட்டுட்டு காதர்பேட்டையில எத்தனை பேரு சுத்தறாங்க. ஒருத்தனாச்சும் அவனுக்குச் சல்யூட் அடிக்கறானுங்களா? பனியன்ல எழுதுனதை நம்பி உள்ள உட்டவரு யாரோ, அவர்கிட்ட கேளுங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அவன் சொன்னதில் பாதி நியாயம் இருப்பது உறைத்தது. காதர்பேட்டையில் வெளிநாட்டுக் கம்பெனி பெயர் போட்ட பனியனை மலைபோலக் குவித்து விற்பார்கள். வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள், யாரும் ஏமாறுவதில்லை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த நாம், கடல் தாண்டியதும் தங்க முத்திரையைப் பார்த்துக் கைகட்டி நிற்கிறோமே, அதுதான் எனக்கு ஆறவில்லை. இங்கே இருக்கும் நம்மவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் கடைக்கு நாயோடு ஒருவர் வந்து, நீங்கள் கேட்பதற்கு முன்பே அட்டையை நீட்டினால் அங்கேயே சந்தேகப்படுங்கள். நாயைப் பாருங்கள். வண்டியில் உட்கார்ந்து வருகிறதா, ஷெல்பை முகர்கிறதா, போகிற வருகிறவரைப் பார்த்துக் குரைக்கிறதா, அல்லது தன் ஆளின் காலடியை விட்டு நகராமல் இருக்கிறதா? அடங்காத நாய் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் வெளியே கொண்டுபோகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. இதற்கு ஆடிட் தேவையில்லை, கண் போதும். உங்களுக்கு அது ஒரு குட்டிப் பொய். நடக்கும்போதே விழுந்துவிடக்கூடிய பிள்ளையைப் பெற்றவர்களுக்கு அது வயிற்றில் அடிக்கிற காரியம்.

இதையும் ஜேனட் சொன்ன இரண்டு கேள்விகளையும் மணியண்ணனிடம் போய்ச் சொன்னேன், இந்த முறை அண்ணா என்ற வார்த்தைக்கு அடங்காமல். கூட்டம் இருந்த நேரம். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “காயிதம் இல்லீன்னா பொய்யின்னு நெனச்சுப்போட்டனுங்க அம்மிணி. நம்மூர்ல அப்படியே பழகிப்போச்சுங்க” என்றார். எழுந்து போய்க் கதவிலிருந்த அட்டையைக் கிழித்து எடுத்தார். அதற்குப் பதில் அந்த இரண்டு கேள்விகளையும் தமிழில் எழுதிக் கல்லாப் பக்கம் ஒட்டிக்கொண்டார். எனக்குக் கோபம் முழுசாக இறங்கவில்லை. ஆனாலும் ராகி மாவு வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

ஜேனட் மேப்பிளை வெறும் கதவுகளில் தொடங்கி, கூட்டமில்லாத கடை, கூட்டமுள்ள கடை என்று பொறுமையாகப் பழக்கினார். கடைசியாக மணியண்ணன் கடை. அன்று ஜேனட் வெளியே தள்ளி நின்று கவனிக்க, மணியண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். “கண்ணு, இந்த நாய் உங்களுக்கு வேணுங்களா? என்ன வேலை செய்யுமுங்க?” என்று பள்ளிக்கூடத்துப் பையன்போல ஒப்பித்தார். யாழினி சிரிப்பை அடக்கிக்கொண்டு பதில் சொன்னாள். மேப்பிள் நிலைப்படியில் உட்கார்ந்தான். தான் கடிபட்ட இடம் அவனுக்கு மறக்குமா? பிறகு அவள் உள்ளே நடந்ததைப் பார்த்து, வயிற்றைத் தரையோடு தாழ்த்திக்கொண்டு, பயந்து பயந்து பின்னாலேயே போனான். நான் அவர்களை விட்டுவிட்டு மாவுப் பக்கம் போனேன். கொள்ளுப் பாக்கெட்டைக் கையில் எடுத்தபோது அவன் குரைத்தான்.

அது அதட்டும் குரைப்பு இல்லை, ஆளைக் கூப்பிடும் குரைப்பு. ஓடினேன். பருப்பு வரிசையில் யாழினி விழுந்து கிடந்தாள், கை கால் வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. மேப்பிள் உடம்பெல்லாம் நடுங்க, ஆனால் ஓர் அங்குலம் நகராமல், அவள் விலாவோடு ஒட்டிப் படுத்துத் தலையைத் தூக்கிக் குரைத்துக்கொண்டிருந்தான். நான் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், தலைக்குக் கீழே என் துப்பட்டாவை வைத்தேன், நேரம் பார்த்தேன். மணியண்ணன் கல்லாவிலிருந்து ஓடி வந்தார், கையில் கடைச் சாவிக்கொத்து. “இரும்புங்க அம்மிணி, இரும்பு” என்று சொல்லிக்கொண்டே குனிந்து அவள் வலது கையில் வைத்தார். அவர் கண்ணில் தண்ணீர். வேறு நாளாக இருந்தால் பிடுங்கி எறிந்திருப்பேன். ஜெபராணிக்குப் பயன்படாத சாவி இவளுக்கு என்ன செய்துவிடும்? ஆனால் மனிதர் காகிதம் கேட்காமல் ஓடி வந்திருக்கிறார், தெரிந்ததைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். விட்டுவிட்டேன்.

இழுப்பு நின்று, மூச்சு சீராகி, யாழினி மெல்லக் கண் திறந்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தாள். சுற்றிலும் நம் ஊர் மசாலா வாசனை, வெளியே பனி. இடது கை மேப்பிளின் கழுத்து மயிருக்குள் புதைந்திருந்தது, வலது கை சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “சாமி, சாவியக் குடுத்தீங்கன்னா...” என்று மணியண்ணன் தயங்கிக் கையை நீட்டினார். உள்ளே ஓடி வந்திருந்த ஜேனட் மேப்பிளுக்குத் தண்ணீர் காட்ட அவனைக் கூப்பிட்டார். அவள் இரண்டு கையையும் விடவில்லை.